சிராங்கூன் சாலையில் எனக்குப் பட்டமளித்த கதை

நான் பி.ஏ. தேறிவிட்டதாகத் தந்தி வந்தபோது சிராங்கூன் சாலையில் எங்கள் வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிப் போய், அங்கிருந்து ரயில் பிடித்து, திருச்சினாப்பள்ளியில் ஒரு காலேஜில் படித்தவன் நான். பரீட்சை எழுதி முடித்த கையோடு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்தது. அடுத்த கப்பலில் சிங்கப்பூருக்குத் திரும்பினேன். துறைமுகத்துக்கு என்னை அழைத்துப் போக வந்தவர்களில் அம்மாவும் இருந்தார்.

பட்டமளிப்பு விழா மதராஸில் நடக்கும். வர முடியாதவர்களுக்குச் சர்வகலாசாலையே பட்டத்தைத் தபாலில் அனுப்பிவிடும். எனக்கு அது போதும் என்று பட்டது. தபால்காரர் கையால் பட்டம் வாங்குவதில் எந்தக் கௌரவக் குறைவும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வட்டாரத்துத் தமிழர் சபைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சபை வருஷத்தில் சில நாள் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடும். மீதி நாளெல்லாம் அடுத்த பந்தலுக்கு யார் தலைமை என்று சண்டை போடும். நிரந்தரத் தலைவர் ஒரு மாட்டு வியாபாரி. குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் அவருக்குப் பெரிய மாட்டுக்கொட்டடி இருந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருமே அவரைத் 'தவுக்கே' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி என்று அர்த்தம்.

தந்தி வந்த வாரமே தவுக்கே சபையைக் கூட்டினார். என்னையும் அப்பாவையும் வரச் சொன்னார்.

"நம்ம வட்டாரத்துல மொத பி.ஏ. இதைத் தபால்காரன் குடுத்துட்டுப் போறதா? நாம குடுப்போம்" என்றார்.

"சர்வகலாசாலை குடுத்தாத்தானுங்க அது பட்டம். நாம எப்படிக் குடுக்கறது?" என்றேன்.

"காகிதத்தை அவங்க குடுக்கட்டும் லா. மரியாதையை நாம குடுப்போம்."

சபையின் பொருளாளர் துணிக்கடை மரைக்காயர். நாகூரிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "பட்டம்னா கறுப்பு அங்கி போடணும். என் கடையில கறுப்புத் துணி நெறைய இருக்கு. இந்த ஊர் வெயிலுக்கு எவனும் வாங்க மாட்டேங்கறான்" என்றார். அத்துடன் விழா முடிவாகிவிட்டது.

விழாவை எப்படி நடத்துவது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்னவர் ஒரே ஒருவர், கோர்ட்டில் துபாஷியாக இருந்தவர். சாட்சிகள் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்வது அவர் உத்தியோகம். ஒரு வரியில் சொன்ன சாட்சியத்தை அவர் பத்து வரியில் மாற்றுவார் என்று கோர்ட்டுக்குப் போய்வந்தவர்கள் சொல்வதுண்டு. வாலிபத்தில் மதராஸ் போயிருந்தபோது பட்டமளிப்பைக் கண்ணால் பார்த்தேன் என்றார். மறுபேச்சின்றி அவரைச் சம்பிரதாய அதிகாரியாக நியமித்தார்கள்.

அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "அதுதான் சம்பிரதாயம்" என்பது அவர் பதில். முன்னால் ஒருவர் செங்கோல் ஏந்தி நடக்க வேண்டும், அது சம்பிரதாயம். அந்த ஒருவர் துபாஷியாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் சம்பிரதாயம். செங்கோலுக்குத் தவுக்கேயின் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி கிடைத்தது. மாடு ஓட்டும் தடிதான். பூணைப் புளி போட்டுத் துலக்கியதும் பளபளவென்று ஆகிவிட்டது.

அங்கியைத் தைக்க ஒரு சீனத் தையற்காரரைப் பிடித்தார்கள். அவர் அதுவரை பாதிரிமார்களுக்கு மட்டுமே கறுப்பு அங்கி தைத்தவர். போட்டுப் பார்த்தால் நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யப்போகிறவன் மாதிரி இருந்தேன். தோளில் தொங்கும் பட்டு என்ன நிறம் என்பதில் பெரிய தகராறு. துபாஷி சிவப்பு என்றார். தவுக்கே பச்சை என்றார். ஆதாரமாகக் கிடைத்தது பழைய பத்திரிகைப் படம் ஒன்று. அதில் எல்லா நிறமும் கறுப்புதான். கடைசியில் மரைக்காயர் கடையில் எந்தப் பட்டு விற்காமல் கிடந்ததோ அதுவே சம்பிரதாயம் என்று தீர்ந்தது. கத்தரிப்பூ நிறம்.

சதுரத் தொப்பி இன்னும் கஷ்டம். துணி சுற்றிவரும் அட்டையை வெட்டி, மேலே கறுப்புத் துணி ஒட்டினார்கள். ஆனால் எனக்குக் குடுமி இருந்தது. தொப்பி தலையில் உட்காராமல் குடுமியின் மேல் உட்கார்ந்துகொண்டு, நான் பேசும்போதெல்லாம் தராசுத் தட்டு மாதிரி ஆடியது. "ரொம்பப் பேசாத தம்பி. பட்டதாரி பேசாம இருக்கறதுதான் சம்பிரதாயம்" என்றார் துபாஷி.

அம்மாவுக்குத் தொப்பியைவிட நிறம்தான் உறுத்தியது. "நல்ல காரியத்துக்குக் கறுப்பு உடுத்தறதைக் காலேஜுல சொல்லிக்குடுத்தாங்களா?" என்று கேட்டு, அங்கியின் நான்கு ஓரத்திலும் பெரிதாக மஞ்சள் தடவிவிட்டார். அம்மாவிடம் சம்பிரதாயம் பேசத் துபாஷிக்குத் தைரியம் போதவில்லை.

இதற்கு நடுவில் எனக்குச் சொந்தமாக ஒரு காரியம் இருந்தது. பினாங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். உடனே வரலாம் என்று பதில் வந்திருந்தது. அதை அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அப்பா துறைமுகக் கிடங்கில் கிராணி; கிடங்குக்கு வருகிற சாக்கையும் பெட்டியையும் எழுதிவைக்கும் குமாஸ்தா. வீட்டில் பேச்சே கிடையாது. எதற்கும் "ம்" என்பார். விழா முடிந்ததும் பினாங்குக் கப்பல் ஏறப்போகிறேன் என்று சொன்னபோதும் "ம்" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விழா நாளும் வந்தது. கோயில் வாசலில் நாதஸ்வரம் முழங்க ஊர்வலம் கிளம்பியது. துபாஷி செங்கோலை ஏந்தி முன்னால் நடந்தார். மரைக்காயரிடம் துணி ஏராளமாக இருந்ததால் சபை உறுப்பினர் எல்லாரும் ஆளுக்கொரு கறுப்புத் துண்டு போர்த்தியிருந்தார்கள். நடுவில் நான், குடுமிமேல் தொப்பியோடு, தலையை அசைக்காமல் நடந்தேன். பின்னால் வந்த டிராம் வண்டி மணியடித்துப் பார்த்துவிட்டு, வழி கிடைக்காமல் எங்கள் கூடவே ஊர்ந்து வந்தது.

சாலையோரச் சீனக் கடைக்காரர்கள் எங்களைக் கண்டதும் ஒவ்வொருவராகக் கடைக் கதவைப் பாதி சாத்தினார்கள். பந்தயத் திடல் பக்கமிருந்து குதிரைவண்டியில் வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி நின்று, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துத் தலை குனிந்தார். ஊர்வலத்தில் அப்படியொரு சந்தோஷம். "பாத்தீங்களா, படிப்புக்குத் துரையே தொப்பியைக் கழட்டறான்" என்று தவுக்கே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

மரைக்காயர் என் காதருகே குனிந்தார். "யாரோட மய்யத்தையோ தூக்கிட்டுப் போறோம்னு நெனச்சுட்டான் தம்பி. நீ தலையை ஆட்டாம வா."

மாட்டுக்கொட்டடியைக் கழுவிப் பந்தல் போட்டிருந்தார்கள். சாம்பிராணி புகைந்தது, ஆனாலும் அது மாட்டுக்கொட்டடிதான் என்பது யாருக்கும் மறக்கவில்லை. மேடையில் தவுக்கே உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா முன்வரிசையில் இருந்தார். பெண்கள் தனியே ஒரு பக்கம். பேசியவர்கள் எல்லாரும் கல்வியின் மேன்மையைப் பற்றித் தொடங்கித் தங்கள் மேன்மையில் முடித்தார்கள்.

அப்புறம் பிரமாணம். இது ஒன்றை மட்டும் துபாஷி கற்பனை செய்யவில்லை. பட்டம் வாங்குகிறவனைத் தலைவர் கேள்வி கேட்பதும் அவன் வாக்குக் கொடுப்பதும் மதராஸில் உண்மையாகவே உண்டு. துபாஷி தமிழில் எழுதிக் கொடுத்ததைத் தவுக்கே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இந்தப் பட்டத்துக்குத் தகுந்தபடி சொல்லிலும் செயலிலும் நடந்துகொள்வாயா?"

"நடந்துகொள்வேன்" என்றேன். தொப்பி ஆடியது.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். தவுக்கே காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன் சொந்தக் குரலில் தொடர்ந்தார்.

"சபைக்கு வர்ற இங்கிலீஷ் கடுதாசியெல்லாம் படிச்சுச் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"அதிகாரிங்களுக்கு மனு எழுதணும்னா எழுதித் தருவியா?"

"தருவேன்."

"எங்க வீட்டுப் பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுப்பியா?"

கூட்டத்தில் ஆமோதிக்கும் முணுமுணுப்பு எழுந்தது. பல வீடுகளில் பையன்கள் இருந்தார்கள். "குடுப்பேன்" என்றேன்.

"சிங்கப்பூரை விட்டு வேற எங்கயும், பினாங்கு மாதிரி ஊருக்கெல்லாம், வேலைக்குப் போகாம இங்கயே இருப்பியா?"

பினாங்கு விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான். அவரைப் பார்த்தேன். அப்பா தன் அங்கவஸ்திரத்தின் கரையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றது தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. அங்கி, செங்கோல், ஊர்வலம் எல்லாமே என்னைக் கட்டிப்போடக் கொண்டுவந்த கயிறாகத் தெரிந்தன.

"இதுக்கு இல்லைன்னு பதில் சொல்ற சம்பிரதாயம் கெடையாது, தம்பி" என்று துபாஷி பல்லைக் கடித்தபடி சொன்னார்.

"கொஞ்சம் யோசிக்க விடுங்களேன்" என்றார் மரைக்காயர்.

அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யோசிக்க முடிகிற ஆள் நானில்லை. "இருப்பேன்" என்றேன்.

நாதஸ்வரக்காரர்கள் அதுவரை கல்யாணங்களுக்கு மட்டுமே வாசித்தவர்கள். மேடையில் ஒருவன் எல்லார் முன்னாலும் சம்மதம் சொன்னதும் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அட்சதை பறந்து வந்தது. அசல் பட்டம் இன்னும் தபாலில் வராததால், கப்பல் கம்பெனிக் காலண்டர் ஒன்றைச் சுருட்டிச் சிவப்பு நாடா கட்டித் தவுக்கே என் கையில் கொடுத்தார்.

மறுநாள் போட்டோ. ஒரு சீனரின் போட்டோக் கடைக்குச் சபை முழுவதும் வந்தது. முதலில் குழுப்படம் எடுத்தார்கள். பிறகு தவுக்கே, "அந்த அங்கியைக் கொஞ்சம் குடு தம்பி, அளவு சரியா இருக்கான்னு பாக்கறேன்" என்றார். அளவு பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். அவர் கழற்றியதைத் துபாஷி மாட்டிக்கொண்டார். துணி கொடுத்தவருக்கு உரிமை இல்லையா என்று கேட்டு மரைக்காயரும் மாட்டிக்கொண்டார். அப்புறம் மற்ற உறுப்பினர்கள், சபையில் சேர்ந்த வரிசைப்படி.

நானும் அப்பாவும் வெளியே படிக்கட்டில் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து அப்பா பேசினார்.

"கோவமா இருக்கியா?"

"பினாங்கு விஷயத்தைத் தவுக்கேகிட்ட நீங்கதான் சொன்னீங்களா?"

"ம்."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமேப்பா, போக வேண்டாம்னு."

"சொல்லணும்னுதான் இருந்தேன். காலேஜு காலேஜுன்னு இத்தனை வருஷம் போயிட்டே. இனிமேயாவது வீட்டுல இருன்னு சொல்ல வாயெடுப்பேன். பி.ஏ. படிச்சவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம விட்டுருவேன்."

"அதுக்காக ஊரைக் கூட்டிச் சொல்ல வைக்கணுமா?"

"ஊரை நான் கூட்டலடா. அவங்களா கூட்டினாங்க. கூட்டினது கூட்டிட்டாங்களேன்னு சொல்லி வச்சேன்." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொட்டடியில சொன்னதுக்காக நீ இருக்க வேண்டாம். போறதா இருந்தா போ. அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

அப்பா யாரிடமாவது பேசிக்கொள்கிறேன் என்று சொன்னதே எனக்கு ஆச்சரியம். அவர் தொடர்ந்து அத்தனை வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அப்படிப் பேசிவிட்ட மனிதரை விட்டு அந்த வாரமே கப்பலேறுவது எப்படியோ இருந்தது. "நான் இங்கயே ஏதாச்சும் வேலை பாக்கறேன்பா" என்றேன். அவர் என் குடுமியில் இன்னும் சிக்கியிருந்த அட்சதை அரிசி ஒன்றைத் தட்டிவிட்டார்.

உள்ளே போனபோது வெளிச்சம் மங்கிவிட்டது. போட்டோக்காரர் கையை விரித்து, "ஹாபிஸ்" என்றார். மலாயில், தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பட்டதாரி அங்கியில் எனக்குத் தனிப்படம் இல்லாமல் போனது இப்படித்தான்.

பினாங்குக்கு மறுத்து எழுதினேன். சிங்கப்பூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அசல் பட்டம் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். சபைக்கு என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். தவுக்கே தன் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். அங்கி, சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய காலண்டர். தொப்பி அவருக்கு ஆடவில்லை. அவருக்குக் குடுமி கிடையாது.

சில மாதம் கழித்து, கொட்டடியின் சாக்கடை விஷயமாகச் சுகாதார அதிகாரியான துரை ஒருவர் அவர் வீட்டுக்கு வந்தார். கூடத்துப் படத்தைப் பார்த்ததும் துரையின் தோரணை மாறியது. கூட வந்த மொழிபெயர்ப்பாளரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, படித்தவரிடம் படித்தவர் பேசுவது போல இங்கிலீஷில் விரிவாகப் பேசினார். தவுக்கே சிரித்த முகமாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆள் வந்து கூப்பிட்டு நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள், கொட்டடியைத் தன் செலவிலேயே ஊருக்கு வெளியே மாற்றிக்கொள்ள அவர் ஒத்துக்கொண்டிருந்தார். கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

அதை ரத்து செய்யக் கேட்டுத்தான் நான் என் முதல் மனுவை எழுதினேன். சாக்கடையைச் சரிசெய்து கொடுத்தால் போதும் என்று துரை இறங்கிவந்து மரியாதையாகப் பதில் போட்டார். உறையின் மேல் தவுக்கேயின் பெயரும் அதற்குப் பின்னால் பி.ஏ. என்றும் எழுதியிருந்தது.