ஒரே ஒரு படகு போன நாள்

கடப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண் பரிமளா, சிங்கப்பெருமாள் கோயிலில் தங்கி மென்பொருள் வேலை பார்ப்பவள். அவளும் உடன் வேலை செய்யும் ஹேமந்தும் சேர்ந்து சொந்தமாக ஒரு கணினி மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவள், மொழியைச் சோதிக்க ஊர்ப் படகுகள் அந்த வாரம் பிடித்த மீன்பாட்டை நாள்வாரியாக மேட்ரிக்ஸாக அடுக்கினாள். படகுக்கு ஒரு வரிசை, மீன்வகைக்கு ஒரு பத்தி. கடலுக்குப் போன படகுகளை மட்டும் எடுத்து வகைவாரியாகக் கூட்டச் சொன்னாள். வியாழன் வரை எல்லா நாளுக்கும் விடை வந்தது. காற்றடித்த வெள்ளிக்கிழமைக்கு வந்ததும் பிழை காட்டி நின்றது.

"வெள்ளிக்கெழம நான் மட்டுந்தானக்கா போனேன்" என்றான் தம்பி லோகு.

பரிமளாவுக்குச் சுரீரென்றது. ஒரே வரிசை கிடைத்தால் அதை வெறும் பட்டியலாகச் சுருக்கித் தரும்படி மொழியை அமைத்ததே அவள்தான். பட்டியலில் கூட்டுவதற்குப் பத்தி ஏது? உடனே ஹேமந்தைப் போனில் பிடித்தாள்.

"எத்தினி வரிசை வந்துச்சுன்னு பாக்காத ஹேமந்த், எப்புடி கேட்டோம்னு பாரு! 'மூணாவது வரிசை'ன்னு கேட்டா பட்டியல் குடுப்போம். 'போன படகெல்லாம்'னு கேட்டா, ஒண்ணே வந்தாலும் மேட்ரிக்ஸ்தான்."

"ஒண்ணுமே போவலன்னா?"

"வரிசையே இல்லாத மேட்ரிக்ஸ்! கூட்டுனா எல்லா பத்திலயும் சைபர்!"

"சூப்பர் பரிமளா! இத்த ஏன் முன்னாடியே யோசிக்கல?" என்று கத்தினான் ஹேமந்த்.

மதியத்துக்குள் அந்த விதியை மாற்றி எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமையின் கூட்டுத்தொகை பளிச்சென்று திரையில் வந்தது. பிறகு யாருமே கடலுக்குப் போகாத சனிக்கிழமையை ஓட்டினாள். வரிசையாகச் சைபர்கள் வந்து நின்றன.

"இன்னாக்கா, ஒரு மீனும் இல்ல, இதுக்கா இந்தக் குதி குதிக்கிற?" என்று லோகு சிரித்தான். அவள் அவன் கையைப் பிடித்திழுத்து அவனையும் சேர்த்துக்கொண்டு குதித்தாள்.