குழாயில் செய்த கத்தி உறை

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கைப்பிள்ளையோடு ஆழ்வார்குறிச்சியில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். விடுமுறை நாள்களில் மாஞ்சோலை பஸ் பிடித்துப் போய்ப் பெரணிச் செடிகள் சேகரித்து வருவேன். வேரோடு எடுப்பதற்கு மரப்பிடி போட்ட ஒரு கத்தி உண்டு. அதைத் துணியில் சுற்றித் தோள்பைக்குள் போட்டுக்கொள்வது வழக்கம்.

ஒருநாள் திரும்பி வந்ததும் பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். சாப்பாட்டுத் தூக்கை எடுக்க மனைவி பைக்குள் கையை விட்டிருக்கிறாள். துணி விலகிக் கிடந்தது. அவளுடைய ஆள்காட்டி விரலில் தையல் போடவேண்டி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வரும்போது அவள் சத்தம் போடவில்லை.

"ஒரு உறை செஞ்ச பெறவுதான் அந்தக் கத்தி வீட்டுக்குள்ள வரணும்" என்று மட்டும் சொன்னாள்.

தோலில் செய்தால் மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். குழாய் வேலை நடந்தபோது மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று புறவாசலில் கிடந்தது. சூடுபட்டால் இளகும் என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு துண்டு அறுத்து, நேராக மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் தீயில் காட்டினேன். குழாய் கறுத்துக் கொப்பளித்தது. அடுப்படி முழுக்க நெடி.

"என்ன செய்யுதிய? பிள்ளை இருமுது, பாருங்க. வெளிய கொண்டு போங்க அதை!"

புறவாசலில் செங்கல் வைத்து அடுப்புக் கூட்டினேன். பழைய இருப்புச் சட்டியில் ஆற்று மணலைக் காயவிட்டு, அதற்குள் குழாயைப் புதைத்தேன். இம்முறை குழாய் ஈரத்துணி போலத் துவண்டு வந்தது. கத்தியை உள்ளே செருகி, இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து மேலே ஏறி நின்றேன். ஆறியதும் எடுத்துப் பார்த்தால், அலகின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது, கத்தியை உருவும்வரை. அது வரவில்லை. காலால் மிதித்துக்கொண்டு இழுத்தேன். பிடி மட்டும் கையோடு வந்தது.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். விரல் வெட்டுப்பட்ட பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

"இத்தனை இறுக்கமா சட்டை போட்டா எப்படிக் கழட்ட? கொஞ்சம் இடம் விடணும்லா."

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, குறட்டால் பிடித்துக் கத்தியை மீட்டோம். அரக்கை உருக்கி ஊற்றிப் பிடியைப் பழையபடி பொருத்தினேன். அடுத்த தடவை, ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையை அவளே அலகில் மடித்துச் சுற்றிக் கொடுத்தாள். அந்த உறை சரியாக வந்தது. அட்டையை உருவிப் போட்டபின் கத்தி பைய உள்ளே போய், பைய வெளியே வந்தது. நுனியை நசுக்கி மூடி, தண்ணீர் வடிய ஒரு துளை போட்டேன். பார்க்க அழகாயில்லை. ஒரு பக்கம் கோணல்.

சில வாரம் கழித்து, கல்லூரி விட்டு வந்தபோது, அடுப்படியில் அரிவாள்மனையின் அலகு மேல் வெள்ளையாக ஏதோ மாட்டியிருந்தது. நீளவாக்கில் பிளந்த குழாய்த் துண்டு, அலகின் வளைவுக்கேற்ப வளைந்து, விளிம்பெல்லாம் தேய்த்து வழவழவென்று இருந்தது. பிள்ளை அப்போது தவழத் தொடங்கியிருந்தான்.

"எப்படிச் செஞ்ச?"

"நீங்க செஞ்ச மாதிரிதான்" என்றாள். "புகை மட்டும் போடல."