சாந்தா கேட்ட விலை

ரூத்தின் விரல்கள் மடிக்கணினியில் ஒரு வரியை அழித்துவிட்டு மறுபடி அடித்தன. "தாய் நிறுவனம்" இருந்த இடத்தில் "அண்ணன் படகு" வந்தது. "துணை நிறுவனம்" போய் "தம்பி கடை" வந்தது.

ரூத் செங்கல்பட்டில் வரி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். சீனியரிடம் விற்பனை வரி மேல்முறையீடுகள் எழுதிப் பழகியவர், பரிமாற்ற விலை விதிகளைத் தீர்ப்புகளைப் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டார். ஒரே குழுமத்தின் நிறுவனங்கள் நாடு விட்டு நாடு தங்களுக்குள் விற்றுக்கொண்டாலும், அந்நியருக்கு விற்கும் விலையே போட வேண்டும். இல்லையென்றால் லாபம் வரி குறைந்த நாட்டுக்கு நழுவிவிடும். கேளம்பாக்கம் பக்கம் கணினி நிறுவனங்கள் பெருகியபின் இந்த வழக்குகள் உள்ளூர் வக்கீல்களிடமும் வருகின்றன.

அவர்களுக்காக ரூத் எடுக்கும் சனிக்கிழமை வகுப்பில் போன முறை டீக்கு எழுந்தவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. வக்கீல் சங்கச் செயலாளர் சிவப்பிரகாசம் சொல்லிவிட்டார்: "இன்னொரு வாட்டி இப்படின்னா நிறுத்திடலாம்மா. நாற்காலிங்களுக்கா பாடம் எடுக்கறது?"

அதனால்தான் இந்த உதாரணம். நெம்மேலி பக்கத்துக் குப்பத்தில் ரூத்துக்குத் தெரிந்த லோகுவுக்குப் படகு உண்டு. தம்பி பாலாவின் கடைக்கு இறாலைக் கிலோ முந்நூறுக்குத் தருகிறார். அது நியாயமா? ஒருநாள் கரையில் நடந்த ஏலத்தில் சாந்தா என்ற பெண் அதே இறாலை முந்நூற்றுப்பத்துக்கு எடுத்ததை ரூத் நேரில் பார்த்திருந்தார். கிட்டத்தட்ட ஒரே விலை. நியாயம்தான் என்று எழுதி முடித்தார்.

அச்சுக்குக் கொடுக்குமுன் லோகுவுக்குப் போன் செய்தார். "ரெண்டும் ஒரே சைஸ் இறால்தானே?"

"சைசு ஒண்ணுதான்க்கா. ஆனா அது ஏலமா? நீதான் நின்னுகினு இருந்தியே, யாராச்சும் எதுத்துக் கேட்டாங்களா?"

உண்மைதான், அன்று யாரும் கூட்டிக் கேட்கவில்லை. சரியான விலை என்பதால்தான் என்று ரூத் நினைத்திருந்தார்.

"புருசன் செத்துப் பூட்டப்பறம் சாந்தாக்கா அன்னிக்குத்தான் மொத தபா கூடையோட வந்துச்சு. அன்னிக்கு எவனும் எதுத்துக் கேக்க மாட்டான். கேட்டா அவன் வூட்டு நல்லது கெட்டதுக்கு ஊரு போவாது. இன்னா வக்கீலுக்கா நீ!"

"மத்த நாள்ல?"

"நானூறுக்குக் கொறையாது. ஐய, என்னிய மாட்டி வுட்றாத!"

மறுநாள் காலை ரூத் மீண்டும் கரைக்குப் போனார். அதே படகு, அதே அளவு இறால். நாலுபேர் போட்டி போட்டதில் நானூற்றிருபதில் நின்றது. அண்ணன் லாபத்தில் ஒரு பங்கு தம்பி கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

வீடு திரும்பி எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். பெயர்களை எடுத்துவிட்டார். முதல் தாளில் சாந்தாவின் ஏலத்தை, யாரும் எதிர்த்துக் கேட்காத அந்த ஊர் வழக்கத்தோடு, நடந்தபடியே வைத்து, கீழே ஒரே கேள்வி: இந்த விலையோடு ஒப்பிடலாமா? விடை, மறுநாள் ஏல விலையோடு, இரண்டாம் தாளில்.

சனிக்கிழமை, மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக் கூடம். முதல் தாளை வாங்கியவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே டீ வந்தது.

"ஊரே பார்க்க விட்ட ஏலம்மா. இதுல என்ன தப்பு?" என்றார் சிவப்பிரகாசம்.

பின்வரிசையிலிருந்து தேவிப்பிரியா என்ற இளம் வக்கீல் எழுந்தார். "எதிர்த்துக் கேக்கவே கூடாதுன்னா அது அந்நியர் விலை எப்படி சார்?"

"வாங்கினது சொந்தமும் இல்ல, கூட்டாளியும் இல்லையே!"

"ஊரே அந்தம்மாவுக்கு வீடு மாதிரி நின்னுச்சே சார்!"

மூன்று வரிசைகள் ஒரே நேரத்தில் பேசின. டீ கொண்டுவந்தவர் தட்டோடு ஓரமாக நின்றார், ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"அந்த ரெண்டாவது தாளைக் குடும்மா, பார்த்துடலாம்" என்று கை நீட்டினார் சிவப்பிரகாசம்.

ரூத் கொடுத்தார்.