அக்காவின் இடது புருவம்

அக்காவுக்கு ஒன்பது வயதில் ஒரு புஸ்வாணம் முகத்தில் சீறியது. கண் தப்பியது. இடது புருவம் போய் அந்த இடத்தில் வழவழப்பான தழும்பு நின்றது. பெரியவளானதும் பென்சிலால் வரைந்துகொள்ளத் தொடங்கினாள். வன்னியம்பட்டியில் பஸ் ஏறும்போது இருக்கும் புருவம், ராஜபாளையத்து நூல் மில்லின் வெக்கையில் பாதி ஷிப்ட்டுக்குள் கரைந்துவிடும்.

"ஏட்டி, ஒம் புருவம் கன்னத்துக்கு எறங்கிட்டு" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேசமாட்டாள்.

தலைமுடியை எடுத்துப் புருவத்தில் நடுகிறார்கள் என்று போனில் பார்த்துக் கண்டுபிடித்தவள் அவள்தான். "நாத்து நடுத மாதிரில்லா சொல்லுதா" என்றாள் அம்மா. ஆனால் புருவம் நின்றால் பூமுடி கொடுப்பதாக மாரியம்மனுக்கு நேர்ந்தும்கொண்டாள். மொட்டை போடாமல், ஒரு கொத்து முடி மட்டும் வெட்டிச் செலுத்துவது.

மதுரையில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். மரத்துப்போக ஊசி போட்டு, காதுக்குப் பின்னாலிருந்து முடிகளை வேரோடு எடுத்து, ஒவ்வொன்றாகச் சாய்வாக நட்டார்கள். காலையில் உள்ளே போனவள் வெளியே வர மதியம் தாண்டிவிட்டது. அவள் உள்ளே படுத்திருந்தபோதே டாக்டர் எல்லாவற்றையும் என்னிடம் விளக்கி, ஓர் ஆங்கிலத் தாளையும் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ரேஷன் கார்டு விண்ணப்பம் முதல் மருந்துச் சீட்டு வரை எந்தக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். பஸ்ஸில் தாளைப் படித்துச் சொன்னேன். தேய்க்கக் கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது, மாத்திரை இரண்டு வேளை. அடுத்த வரி, நட்ட முடி சில வாரங்களில் உதிரும், வேர் உள்ளேயே இருக்கும், மாதங்கள் கழித்துத் திரும்ப முளைக்கும் என்றிருந்தது. அக்கா போன் திரையில் முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறவு சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த வரியைத் தாண்டிவிட்டேன்.

மூன்றாவது வாரம் தலையணையில் முடிகள் கிடந்தன. நான்கு நாளில் தழும்பு பழையபடி தெரிந்தது. அக்கா மில்லுக்குப் போகவில்லை. "எம்புட்டு ஆசையா இருந்தா" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். அன்று சாயங்காலம் தாளை எடுத்து வந்து உண்மையைச் சொன்னேன்.

அக்கா அழவில்லை. "ஏலே, இது மொதல்லயே போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"நீ படிச்ச?"

"படிச்சேன்க்கா. ஒனக்குக் கஷ்டமாயிருக்கும்னு..."

"இம்புட்டு நாளா நீ படிச்சுச் சொன்னதுல இன்னும் எதையெல்லாம் முழுங்கின?"

அவள் என்னைத் தரையில் உட்காரவைத்து, தாளை முதல் வரியிலிருந்து தமிழில் சொல்லச் சொன்னாள். மருத்துவமனையின் போன் நம்பரைக்கூடத் தாண்ட விடவில்லை. முடிந்ததும் எழுந்து முகம் கழுவினாள். மறுநாள் பென்சிலும் போடாமல் மில்லுக்குப் போனாள்.

நான்காவது மாதம் பூனைமுடி போல முளைத்தது. ஏழாவது மாதம் புருவம் ஆகி, அதோடு நிற்காமல் வளர்ந்தது. தலைமுடி அல்லவா, இமைமேல் வந்து விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சின்னக் கத்தரியோடு கண்ணாடி முன் உட்கார்ந்தாள்.

அம்மா மஞ்சள் துணியை அவள் முகத்தடியில் விரித்துப் பிடித்தாள். "தலைமுடிதான இது, இதயே பூமுடியாக் குடுத்திருவோம்."

அக்கா கத்தரியைத் திறந்தவள் நிறுத்தினாள். "ஏலே, அந்தத் தாள எடுத்துட்டு வா. வெட்டலாம்னு போட்டிருக்கா?"

எடுத்து வந்து பார்த்தேன். "வளந்தா அப்பப்ப வெட்டிக்கணும்னு போட்டிருக்கு."

"அடுத்த வரி?"

அதையும் படித்தேன். அப்புறம்தான் வெட்டினாள்.