ஜெயபுரா கவுண்ட்டரின் இரண்டு நிமிடம்

இந்தோனேசியாவின் மக்காசாரில் ஒரு பயணிகள் கப்பல் நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் லூக்காஸ் பாலிம்போங் ஒருவர்தான் இருப்பார். மற்ற பதினான்கு பேரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். லூக்காஸ் தொராஜா மலைக்காரர், கிறிஸ்தவர். வயது ஐம்பத்தேழு. மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. பயணச்சீட்டுத் தரவுத்தளத்துக்கு வாராவாரம் பிரதி எடுத்து வைப்பது அவர் பொறுப்பு.

சீட்டு விவரங்கள் ஒரு வட்டில் இருந்தன. ஒவ்வொரு மாற்றத்தையும் நடந்த வரிசைப்படி எழுதிக்கொண்டே போகும் பதிவு இன்னொரு வட்டில் இருந்தது. பழைய சேமிப்புப் பெட்டி ஒரு வட்டை ஸ்னாப்ஷாட் எடுத்து, அதாவது அந்த நேரத்து நிலையை அப்படியே நகலெடுத்து, முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடும். இடையில் யாராவது ஒரு சீட்டு விற்றுவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. அந்தப் பிரதி ஒன்றுக்கும் உதவாது. ஆகவே விற்பனை ஓயும் நேரம் பார்த்து அவர் வைத்துக்கொண்டது வெள்ளி பன்னிரண்டு இருபது. அப்போது ஜெயபுராவைத் தவிர எல்லா ஊர்க் கவுண்ட்டர்களும் மூடியிருக்கும். ஜெயபுராவில் மணி ஒன்று இருபது. நான்கு மணிக்குக் கப்பல் என்பதால் அங்கே வரிசை நிற்கும்.

அதனால் அங்கே சீட்டு விற்கும் யோசினாவுக்கு லூக்காஸ் போன் செய்து, இரண்டு நிமிடம் விற்பனையை நிறுத்தச் சொல்வார்.

"இபு யோசினா, கையை எடுங்க."

"எடுத்தாச்சு, பாக் லூக்காஸ். நூல் பையைப் பின்ன ஆரம்பிச்சாச்சு. உங்க ரெண்டு நிமிஷத்துல மட்டும் பின்னினா, இது முடியறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்."

"அவன் கல்யாணத்துக்குள்ளயாவது முடிச்சுடுங்க."

ஆறு வருடமாக இப்படித்தான்: இவர் 'இபு' என்பார், அம்மா என்று; அவர் 'பாக்' என்பார், ஐயா என்று. யோசினா வம்ப்ராவின் முகம் லூக்காஸுக்குத் தெரியாது. முழங்கால் வலி, மீன் விலை, மழை எல்லாம் தெரியும். மற்ற நாட்களில் லூக்காஸிடம் யாராவது பேசினால், "சிஸ்டம் மெதுவா இருக்கே" என்பதோடு சரி.

மார்ச்சில் புதுப் பெட்டி வந்தது. அது இரண்டு வட்டுகளையும் ஒரே நொடியில் சேர்த்துப் படமெடுக்கும். யார் விற்றுக்கொண்டிருந்தாலும் கவலையில்லை. லூக்காஸ் மூன்று முறை சோதித்தார். பிரதியைத் தனிக் கணினியில் திறந்தபோது, பாதியில் நின்ற விற்பனை தானே விலகிக்கொண்டது. மற்றதெல்லாம் பிசகாமல் இருந்தது. 'விற்பனையை நிறுத்தத் தேவையில்லை. மார்ச் 7' என்று நோட்டில் எழுதினார்.

அடுத்த வெள்ளியும் போன் செய்தார்.

நோட்டில் 'நிறுத்தக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. இருபத்தாறு வருட வேலையில் அவர் எந்தக் கட்டத்தையும் வெற்றாக விட்டதில்லை. இப்போது பதினொரு கட்டங்கள் வெற்றாக நின்றன.

பன்னிரண்டாவது வெள்ளி, போனில் யோசினாவின் குரலுக்குப் பின்னால் ஒரே கூச்சல்.

"என்ன சத்தம்?"

"வரிசைதான். கைக்குழந்தையோட ஒரு பொண்ணு மழையில நனைஞ்சுட்டு நிக்கறா. 'உன் கையை யாரு கட்டிப் போட்டது'ன்னு கத்தறா. சீக்கிரம் எடுத்துத் தொலைங்க."

யோசினா பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்னாப்ஷாட் முடிந்திருந்தது.

"வித்துடுங்க, இபு யோசினா. நிறுத்த வேண்டாம்."

"அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"மார்ச்லேருந்தே வேண்டாம். புதுப் பெட்டி வந்துடுச்சு."



"அப்போ எதுக்கு எனக்குப் போன் பண்ணினீங்க?"

லூக்காஸ் காலி நாற்காலிகளைப் பார்த்தார். "இங்க யாரும் இல்ல," என்றார்.

"இங்க முப்பத்தெட்டுப் பேர் நிக்கறாங்க. அத்தனை வாரமும் ஏச்சு வாங்கினவ நான்."

யோசினா போனை வைத்துவிட்டார். அன்று மாலைக்குள் லூக்காஸ் பன்னிரண்டு கட்டங்களிலும் 'காரணம் இல்லை' என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்திட்டார்.

அடுத்த வெள்ளி அவர் போனைத் தொடவில்லை. பன்னிரண்டு இருபதுக்கு ஸ்னாப்ஷாட் எடுத்தார். அரை நொடிகூட ஆகவில்லை. வழக்கப்படி பிரதியைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தார். ஆறு வருடமாக அந்த வரியின் நேரம், ஸ்னாப்ஷாட்டின் நேரத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும். இன்று இரண்டும் ஒன்றாக இருந்தன: 12:20:06. ஜெயபுரா, கவுண்ட்டர் 2. இரண்டு பெரியவர், பியாக் வரை. விற்றவர் யோ. வம்ப்ராவ்.

தரவுத்தளத்தில் அதற்குள் இன்னும் நான்கு சீட்டுகள் ஏறியிருந்தன. பிரதியில் இதுதான் கடைசி, இனி மாறாது.

வரியின் எண்ணை லூக்காஸ் நோட்டில் குறித்துக்கொண்டார். 'விற்பனை நின்றதா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். மணி பன்னிரண்டு இருபத்து நான்கு. தொழுகை முடிந்து மற்றவர்கள் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.