சேனை வைக்கிற கை

நாகல் நகர்ல நான் குடியிருக்கிறது மாடி வீடு. சிகிச்சையில இருந்த காலத்துல பாதிப் படியில உக்காந்து மூச்சு வாங்கிட்டுத்தான் மேல போவேன். இப்ப கையில தண்ணிக் குடத்தோட ஒரே மூச்சுல ஏறிருவேன். ஆனாலும் கீழ்வீட்டுக்காரம்மா நான் ஏறுறதப் பாத்தா, செய்யிற வேலையப் போட்டுட்டு வந்து நின்னு, "பாத்து, பாத்து"ம்பாங்க. நல்ல மனுசிதான். இருந்தாலும் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரு நா, "படி அங்கயேதான் இருக்கு, எங்கயும் போகல"ன்னு சொல்லிட்டேன். அவங்க மூஞ்சி சுண்டிப் போச்சு. அப்புறம் ராத்திரி முழுக்க எனக்கும் மனசு சரியில்ல.

மார்புல கேன்சர். மதுரையில ஆபரேசன் பண்ணி இடது பக்கத்த எடுத்துட்டாங்க. அப்புறம் ஊசி மருந்து, அப்புறம் கரண்ட்டு வைக்கிறதுங்கிற கதிர் சிகிச்சை. எல்லாம் முடிஞ்சு ரெண்டு வருசம் தாண்டிருச்சு. கடைசியாப் போனப்ப டாக்டர், "நல்லா இருக்கீங்கம்மா, இனி ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்தாப் போதும்"னார். பஸ்ஸுல ஏறி உக்காந்ததும் இதைச் சொல்லணும்னு போனை எடுத்தேன். யார்கிட்ட சொல்றதுன்னு பேரைத் தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டே இருந்தேன். கொடைரோடு தாண்டிருச்சு. தம்பி மக நம்பர் வந்ததும் அடிச்சு, டாக்டர் சொன்னதச் சொன்னேன். "அத்தை, எனக்குத் தெரியும்ல"ன்னா. நானும், "எனக்கு ஒண்ணுமே இல்லையாம்டி, சுத்தமா ஒண்ணும் இல்ல"ன்னு பஸ்ஸே திரும்பிப் பாக்குற மாதிரி சொன்னேன்.

நான் கல்யாணம் பண்ணிக்கல. அதுக்குப் பெரிய கதையெல்லாம் கிடையாது. அப்பா போனப்ப தம்பி பள்ளிக்கூடத்துல இருந்தான், நான் தையல் மிசின்ல இருந்தேன், வருசம் ஓடிப் போச்சு. ரவிக்கை தைக்கிறதுதான் தொழில். இப்ப எனக்கு நானே தைக்கும்போது இடது பக்கம் உள்ள பஞ்சு வச்சுத் தைக்கிறேன். மொதத் தடவ பஞ்சு கூடிப் போயி, கண்ணாடியில பாத்து சிரிச்சேன். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால சீக்கிரமே நிறுத்திட்டேன்.

படுத்திருந்தப்ப ஆள் வந்துக்கிட்டே இருந்தாங்க. ஆப்பிள் அழுகுற அளவுக்கு வந்துச்சு. பொழச்சுக்கிட்டேன்னு தெரிஞ்சதும் வரத்து நின்னு போச்சு. தைக்கக் குடுக்குறவங்களும் சாதா ரவிக்கையத்தான் கொண்டாந்து குடுப்பாங்க. கல்யாணப் பொண்ணுக்கு உள்ளது மட்டும் வேற கடைக்குப் போயிரும். "உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்"ம்பாங்க. வீட்டுக்கு உடுத்துறதத் தைச்சா சிரமம் இல்லையாக்கும். வாய் வரைக்கும் வரும், முழுங்கிக்குவேன். நானா முழுங்குனேன்னு எனக்கே ஆச்சரியமா இருக்கும்.

இதெல்லாம் போகட்டும். எனக்குன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு, சேனை வைக்கிறது. பிறந்த பிள்ளை நாக்குல மொத மொதலா ஒரு சொட்டு சீனித்தண்ணியத் தொட்டு வைப்பாங்க, அதுதான் சேனை. யார் வைக்கிறாங்களோ அவங்க குணம் பிள்ளைக்கு வரும்னு எங்க பக்கம் நம்பிக்கை. கல்யாணம் ஆகாதவன்னு மத்த நல்லது எதுக்கும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. வளைகாப்புன்னா நான் அடுப்படியிலதான். ஆனா தம்பி மக பிறந்தப்ப, பிள்ளை அழாமக் கெடந்ததுல எல்லாரும் பதறிட்டு இருக்க, அழ ஆரம்பிச்ச நிமிசத்துல பக்கத்துல நின்னது நான்தான். நான்தான் வச்சேன். அவ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. "அத்தை வச்ச சேனைல்ல, வாய் சும்மாவா இருக்கும்"னு வீட்டுல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. நானும் காலரைத் தூக்கி விட்டுக்குவேன். அதுக்கப்புறம் எங்க சொந்தத்துல, தெருவுல, ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு என்னைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னாங்க. அதுகள்ல எதாவது ஒண்ணு எதுத்துப் பேசிட்டாப் போதும், தாய்க்காரி நேரா என்கிட்ட வந்து, "உங்க பிள்ளை பேசுன பேச்சக் கேட்டீங்களா"ம்பா. உங்க பிள்ளைன்னு சொல்றதக் கேக்கவே நான் இன்னும் ரெண்டு வார்த்தை அதுக்கு ஏத்துக்கிட்டுப் பேசுவேன்.

அந்தத் தம்பி மகளே இப்ப உண்டாகி, தலைப்பிரசவத்துக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற தம்பி வீட்டுக்கு வந்திருந்தா. ஒட்டன்சத்திரம் பக்கம் குடுத்திருக்கு. இந்தப் பிள்ளைக்கும் என்னைத்தான் வைக்கச் சொல்லுவாங்களான்னு எனக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. கேக்கவும் ரோசம் விடல. ஒரு நா தம்பி பெண்டாட்டி வெஞ்சனத்துக்குக் கத்திரிக்கா அரிஞ்சுக்கிட்டே, என் மூஞ்சியப் பாக்காமச் சொன்னா.

"சேனைய எங்கம்மாவ வைக்கச் சொல்லலாம்னு இருக்கேன் மதினி. நீங்க எதுக்கு அலைஞ்சுக்கிட்டு."

"ஆஸ்பத்திரி ஆட்டோவுல பத்து நிமிசம். கரண்ட்டு வைக்க மதுரைக்கு தெனம் பஸ்ஸுல போயிட்டு வந்தவ நான்."

"அதுக்கில்ல. சம்பந்தி வீட்டுல ஒரு மாதிரி நெனச்சுருவாங்க."

"இது ஒட்டுற நோய் இல்ல. டாக்டரையே வந்து சொல்லச் சொல்லவா?"

அவ அருவாமனைய நிறுத்திட்டு என்னைப் பாத்தா. "நோய் பிள்ளைக்குப் போகாது மதினி, எனக்கும் தெரியும். ஆனா குணம் போகுதுன்னு நீங்கதான இம்புட்டு நாளும் சொல்லுவீங்க. அப்ப கூட வேற எது போகும்னு யாருக்குத் தெரியும்?"

தம்பி முன்கட்டுல உக்காந்து போனத்தான் பாத்துக்கிட்டு இருந்தான். காதுல விழாம இருக்காது. நான் வளத்த பய, தலைய நிமித்தல. செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு மாசம் அந்தப் பக்கமே போகல.

அந்த ஒரு மாசம் இருக்கே, ஆஸ்பத்திரியில கெடந்ததவிட அது மோசம். அங்கயாவது பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி மொனகிக்கிட்டு இருப்பா, பேசலாம். இங்க தைக்கிறது, தின்னுறது, படுக்கிறது. கூப்பிட்டாலும் போக மாட்டேன்னு மிசின்கிட்ட சத்தமாச் சொல்லுவேன். சொல்லிட்டு, போன் அடிச்சா மிசின் சத்தத்துல கேக்காமப் போயிருமோன்னு காலை நிறுத்தி நிறுத்தி மிதிப்பேன். ஒரு ரவிக்கைக்கு ரெண்டு நாளாச்சு. வெக்கங்கெட்ட மனசு.

ஒரு காலையில பதினோரு மணிப் பக்கம் போன் அடிச்சுச்சு. தம்பியோ அவன் பெண்டாட்டியோ இல்ல, தம்பி மகளேதான்.

"அத்தை, பொம்பளப்புள்ள. சுகப்பிரசவந்தான். எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான்டி. நீ எதுக்குப் பேசுற, படு."

"வந்துருங்க. யாரையும் சேனை வைக்க விடல. அம்மாச்சி கிண்ணத்தோட வந்து நிக்கிறாங்க, முடியாதுன்னுட்டேன். நீங்கதான் வைக்கணும்."

போக மாட்டேன்னு சொன்னது எங்க போச்சோ. நல்ல சேலைய எடுத்துக் கட்டுனேன். படியில இறங்கி ஓடுறப்ப கீழ்வீட்டுக்காரம்மா என்னமோ சொன்னாங்க, "பேத்தி, பேத்தி"ன்னுட்டு ஆட்டோவுல ஏறிட்டேன். ரெண்டு வருசத்துல நான் அம்புட்டு சந்தோசமா இருந்ததில்ல.

ஆஸ்பத்திரி ரூமுக்குள்ள போனதும் தம்பி பெண்டாட்டி மூஞ்சி இறுகிப் போயி ஓரமா நின்னா. அவ அம்மா பக்கத்துல. சம்பந்தியம்மா எந்திரிச்சு வந்து என் கையப் பிடிச்சாங்க. "வாங்க, வாங்க. உங்களுக்குத்தானுங்க காத்துட்டு இருக்கோம். மருமக சொல்லிட்டாளுங்க, அத்தை வச்சாத்தான்னு. நல்லா வையுங்க." எந்தச் சம்பந்தியச் சொல்லி என்னை ஒதுக்குனாங்களோ, அந்தம்மா மனசுல ஒரு கல்மிசமும் இல்ல. தம்பி பெண்டாட்டிய ஒரு பார்வை பாத்தேன். அவ சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

பிள்ளைய என் மடியில வச்சாங்க. செக்கச்செவேல்னு, கண்ணைத் தொறக்காம இருந்துச்சு. வலது பக்கமாச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டேன். வெள்ளிக் கிண்ணத்துச் சீனித்தண்ணியில விரலை முக்குனேன். வாசம் தெரிஞ்சுச்சோ என்னமோ, பிள்ளை வாயைத் தொறந்து தலையத் திருப்பித் தேடுச்சு.

அங்கதான் என் விரல் நின்னு போச்சு. ஆறு மாசத்துக்கு ஒருக்க வரச் சொல்றாங்களே, ஒண்ணுமே இல்லைன்னா எதத் தேடுறதுக்குன்னு தோணுச்சு. சரி, நோய விடு. என் குணம்னா வாய் மட்டுந்தானா? இந்தப் பிள்ளையும் பஸ்ஸுல உக்காந்து, நல்ல சேதி சொல்ல ஆள் தேடணுமா? அது இன்னும் வாயத் தொறந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு சொட்டு, அவ்வளவுதான். என்னால முடியல. எனக்குப் பயமா இருந்துச்சு.

"உங்க அம்மாவே வைக்கட்டும்"னு தம்பி பெண்டாட்டியப் பாத்துச் சொன்னேன்.

சொல்லி முடிக்கல, கிண்ணம் என் கையவிட்டுப் போயிருச்சு. அவ என் தோளைத் தொட்டு, "மனசுல வச்சுக்காதீங்க மதினி, நீங்களே புரிஞ்சுக்கிட்டீங்க"ன்னு காதுல சொன்னா. நெசமாவே நன்றியோடதான் சொன்னா. அதுக்கு நான் தலைய ஆட்டுனேன்.

கட்டில்ல இருந்து தம்பி மக என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. உதடு காஞ்சு போயிருந்துச்சு. அப்புறம் கேட்டா.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு பஸ்ஸுல இருந்து சொன்னீங்களே அத்தை. நான் நம்பிட்டேன்ல?"

ஊருக்குள்ள ஒருத்தி நம்பியிருக்கா. பிள்ளைய அவ பக்கத்துல படுக்க வச்சுட்டு, ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்.