புளி தட்டிக் கேட்ட கதை

போன வாரம் பேரன் பெண்டாட்டி கடையிலிருந்து பாக்கெட் புளி வாங்கி வந்தாள். கொட்டை இல்லை, நார் இல்லை, ஓட்டுத் தூசிகூட இல்லை. "உங்களுக்கு வேல மிச்சம் ஆயா" என்றாள். பிரித்து முகர்ந்தேன். வாசனை மட்டும் மாறவில்லை. அது என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பென்னாகரத்துப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டது. வேலை மிச்சமாம்! அந்த வேலை இல்லாவிட்டால் எனக்குக் கதையே இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்போது வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் லேசில் கிடைக்காது. அதனால் எங்கள் நைனா பொழுது இருக்கும்போதே காட்டிலிருந்து வந்து, கைகால் கழுவி, சிவப்புத் துணியைப் பிரித்துப் புத்தகத்தை எடுப்பார். பெரிய எழுத்தில் அச்சடித்த பழைய கதைப் புத்தகம். என் தம்பிகள் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து ராகம் போட்டுப் படிப்பார். காதால் கேட்டால் பையன்களுக்குப் படிப்பு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. பெரியவன் கொட்டாவி விடுவான். சின்னவன் உட்கார்ந்தபடியே தூங்குவான். நல்ல வித்துவான்கள்!

நான் கேட்கலாம். ஆனால் கை சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருந்தால், "என்னாடி பராக்குப் பாக்குற, எந்திரிச்சுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்பார். மாசி மாதம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு புளி குவிந்திருக்கும். ஓட்டை உடைத்து, கல்லில் வைத்துத் தட்டி, கொட்டையை எடுக்க வேண்டும். சத்தம் பெரிதாக இருந்தால் நைனா முறைப்பார். அதனால் ராகம் இழுக்கும்போது தட்டி, வசனம் வரும்போது நிறுத்தக் கற்றுக்கொண்டேன். குவியல் தீர்ந்தால் எனக்கு அங்கே என்ன வேலை? அதனால் அதைத் தீரவிடவில்லை. அம்மா ஒருநாள் இடுப்பில் கைவைத்து நின்று, "இது என்னா புளியா, ஊத்துத் தண்ணியா? எடுக்க எடுக்க அப்படியே கெடக்குது!" என்றாள்.

கதையில் ஒரு ராணி. செய்யாத குற்றத்துக்காக ராஜா அவளைக் காட்டுக்குத் துரத்திவிடுகிறான். இடுப்பில் பிள்ளை, காலில் முள். நடந்து நடந்து ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறாள். ஆற்றில் வெள்ளம். பரிசல்காரன், "நீ யாரு? உன்ன எந்தக் கரையில கொண்டுபோய் விடட்டும்?" என்று கேட்கிறான். அந்த இடத்தில் நைனா மயிலிறகை வைத்துப் புத்தகத்தை மூடினார்.

மறுநாள் காலையில் நான் பெரியவளாகிவிட்டேன்.

மாமன் வந்து, களத்து மூலையில் பச்சை ஓலைக் குடிசை கட்டி என்னை உள்ளே வைத்தார். அந்தத் தீட்டோடு புத்தகம் இருக்கிற பக்கமே போகக் கூடாது. தூரத்தில் கஞ்சி வைத்த அம்மாவிடம் கெஞ்சினேன். "நான் வர்ற வரைக்கும் அத நிறுத்தி வெக்கச் சொல்லும்மா."

அம்மா சிரித்தாள். "உனுக்காகவாடி படிக்கிறாரு? பசங்களுக்கில்ல படிக்கிறாரு!"

அங்கிருந்து ராகம் மட்டும் கேட்கும். வார்த்தை எட்டாது. ஒரு சாயங்காலம் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. கற்பூர வாசனையும் வந்தது. கதை முடிந்தால் புத்தகத்துக்குப் பூசை போடுவது எங்கள் வழக்கம். கொஞ்ச நேரத்தில் அம்மா ஓர் இலையில் பொரியும் வெல்லமும் கொண்டுவந்து, குச்சியால் என் பக்கம் தள்ளினாள். என் பங்கு அவ்வளவுதான்.

வீட்டுக்குள் விட்டதும் முதலில் பெரியவனைத்தான் பிடித்தேன். "பரிசல்காரன்கிட்ட ராணி என்னாடா சொன்னா?"

"எந்தப் பரிசல்காரன்க்கா?"

நைனாவிடமே போனேன். அதற்கு முன்பு அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. அவர் சிவப்புத் துணியை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "பூச போட்டு மூடுனத நடுவுல பிரிக்கக் கூடாது. அடுத்த மாசியில கேட்டுக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த முடிவு எனக்கும் வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த மாசியில் நான் கம்பைநல்லூர்ப் பக்கம் மாமியார் வீட்டில் புளி தட்டிக்கொண்டிருந்தேன். அங்கே எவ்வளவு சத்தமாகத் தட்டினாலும் முறைக்க ஆளில்லை.

நைனா போனபிறகு புத்தகம் பெரியவனுக்குப் போனது. பரணில் கரையான் தின்றுவிட்டது என்றான். அவன் அதைப் பிரித்தே இருக்கமாட்டான். நான் என் பிள்ளையின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். இதையும் அப்படிக் கூட்டித்தான் எழுதுகிறேன்.

இதையெல்லாம் சொன்னதும் பேரன் பெண்டாட்டி போனில் தேடினாள். "இருக்குது ஆயா! யாரோ முழுசாப் படிச்சு வெச்சிருக்காங்க. அந்த ஆத்தங்கரையில இருந்து போடட்டுங்களா?"

யாரோ ஒருத்தி மூச்சு வாங்காமல் படித்தாள். ராகம் இல்லை. ஆறு வந்தது, வெள்ளம் வந்தது, பரிசல்காரன் வாயைத் திறந்தான்.

"நிறுத்து கண்ணு" என்றேன்.

"ஏன் ஆயா, கேக்க வேணாங்களா?"

வேண்டாம். என் வீட்டில், என் காதுக்கு எட்டுகிற தூரத்தில் படித்து, எனக்கு இல்லை என்று மூடிய முடிவு அது. அதைப் போனில் பிச்சை வாங்க மாட்டேன். ராணி அந்தக் கரையிலேயே நிற்கட்டும். இத்தனை காலம் நின்றவளுக்கு இன்னும் கொஞ்சம் நிற்கத் தெரியாதா?

இப்போது எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை. பையன்களுக்கும் இல்லை. புளியிலும் கொட்டை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு சாக்கும் இல்லை.